லாட்டு துரை வீட்டு மாலை

மைசூரில் நாங்கள் குடியிருக்கும் தேவராஜ மொஹல்லாவில் என் தங்கை நாச்சம்மாளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டாள் என்கிறது ஒரு கூட்டம். அவளுக்காக அண்ணன்காரன் சீமைக்குப் போய்வந்து பொய் சொன்னான் என்கிறது இன்னொன்று. நான் பொய் சொல்லவில்லை. தப்பாகச் சொன்னேன். அது வேறு, இது வேறு. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நாங்கள் கோபிநத்தத்துக்காரர்கள். நான் மீசை முளைக்குமுன்பே மைசூருக்கு வந்து, அரண்மனைக்கு உறவான ஒரு சர்தாரிடம் குதிரைக்காரனாகச் சேர்ந்துவிட்டேன். தங்கையை ஊரிலேயே சித்தையனுக்குக் கட்டிக் கொடுத்தோம். சித்தையன் காடு தெரிந்தவன். ஆனால் மனிதர்களைவிட நாய்களோடுதான் அதிகம் பேசுவான்.

ஜெர்மன் சண்டை வருவதற்கு முந்தின வருஷம், ஸ்காட்லாந்து தேசத்து லாட்டு துரை ஒருவர் எங்கள் சர்தாரோடு பிளிகிரிரங்கன் மலையில் வேட்டையாட வந்தார். தலைமுறை தலைமுறையாகப் பட்டம் உள்ளவர், கோட்டை மாதிரி வீடு இருக்கிறது என்றார்கள். அவர் கூட்டிவந்த இரண்டு வேட்டை நாய்களையும் பார்த்துக்கொள்ளச் சித்தையனை வைத்தோம். ஆறு மாதத்தில் அந்த நாய்கள் வேறு யார் கையால் கொடுத்தாலும் தின்பதில்லை என்றாகிவிட்டது. துரை கப்பலேறும் நேரம் வந்தது. நாய்கள் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று பயந்து, இவனையும் கூட வரச் சொன்னார். நாய்கள் ஊருக்குப் பழகியதும் திருப்பி அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அடுத்த பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று சித்தையன் தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனான். அப்போது நாச்சம்மாளுக்குப் பதினெட்டு வயது.

யாரையோ பிடித்து எழுதி இரண்டு கடிதம் அனுப்பினான். அப்புறம் சண்டை வந்தது. கடிதம் நின்றது. சண்டை முடிந்த பிறகும் வரவில்லை. சர்தாரின் குமாஸ்தாவிடம் இரண்டு தடவை விசாரித்து எழுதச் சொன்னேன். எழுதினேன் என்றார். எழுதினாரா இல்லையா என்பதை நான் எங்கே போய்ப் பார்ப்பது.

நாச்சம்மாள் மைசூருக்கு என்னிடம் வந்துவிட்டாள். தேவராஜ மார்க்கெட்டில் பூக்கட்டி விற்றாள். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடிவந்து சொல்லிவைப்பார்கள். எதிர் வரிசையில் மல்லப்பன் என்று ஒருத்தன் வெற்றிலை விற்றான். பெண்டாட்டியை இழந்தவன். நாலைந்து வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்ததில், நாச்சம்மாளைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக என்னிடம் வந்து சொன்னான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. எனக்கு யாரைத்தான் பிடித்தது. ஆனால் தங்கைக்கும் விருப்பம் என்று தெரிந்தபின் நான் குறுக்கே நிற்கவில்லை.

எங்கள் சாதியில் அறுத்துக் கட்டுவது உண்டு. அதில் கேவலம் ஒன்றும் கிடையாது. புருஷன் செத்தால் தாலியை அறுத்துவிட்டுப் பெண் இன்னொருவரைக் கட்டிக்கொள்ளலாம். உயிரோடு இருந்தால் அவனாக விட்டுக்கொடுக்க வேண்டும். மைசூரில் இருந்த எங்கள் ஆட்களுக்கு யஜமானர் ஜடையன். பஞ்சாயத்து எல்லாம் அவர் சொன்னபடிதான். அவரிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி. சித்தையன் இருக்கிறானா, இல்லையா? தெரியாது என்றேன். தெரியாது என்பதற்கு வழக்கத்தில் வழி இல்லை என்று சொல்லிவிட்டார். நாச்சம்மாள் சுமங்கலியும் இல்லை, அறுத்தவளும் இல்லை. அவன் கப்பலேறிப் பதின்மூன்று வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்தார் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். எலும்பு கூடியும் வலி போகவில்லை. லண்டனில் பெரிய டாக்டரைப் பார்ப்பது, பார்த்துவிட்டுப் பழைய சிநேகிதரான லாட்டு துரையின் வீட்டில் ஒரு வாரம் தங்குவது என்று முடிவாயிற்று. காலைப் பிடித்துவிட என் கைதான் வேண்டும் என்றார். குதிரைக்குத் தைலம் தேய்த்த கை அது. குமாஸ்தா பசவராஜும் நானும் அவரோடு கிளம்பினோம்.

புறப்படுகிற அன்று காலையில் நாச்சம்மாள் வாசல்வரை வந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இருந்தாலும் செரி, இல்லாட்டியும் செரியுங்ணா. ஏதாச்சும் ஒண்ணத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

கப்பலைப் பற்றியும் லண்டனைப் பற்றியும் சொல்ல எனக்கு ஆசை இல்லை. வாந்தியும் மழையும்தான். மார்கழி மாதம் ரயிலேறி வடக்கே போனோம். அந்த வீட்டின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழைவதில்லை. வீடு என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதிகளைப் போட்டு வைத்திருந்த நிலவறைதான் ஞாபகம் வந்தது. கறுத்த கல். சுவரின் கனம் ஒரு ஆள் நீளம் இருக்கும். ஜன்னல் எல்லாம் அம்பு விடுவதற்கு வைத்தது போல ஒடுக்கம். மைசூர் அரண்மனையில் ஒரே ஒரு தூணைப் பார்த்துவிட்டு வந்தாலும் இவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள். மூன்று மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. சர்தாரை முன்வாசல் வழியாக அழைத்துப் போனார்கள். பசவராஜுக்கு வழியிலேயே காய்ச்சல் கண்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். நான் பின்வாசல்.

பின்வாசல் படியில் பூட்ஸைக் கழற்றினேன். கதவைத் திறந்த வேலைக்காரப் பெண் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினாள். பெரிய மனிதர் வீட்டுக்குள் செருப்போடு போக எனக்கு மனசு வரவில்லை. வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் கால் வைத்தேன். குளிர் முழங்கால் வரைக்கும் ஏறியது. அந்தப் பெண் சிரித்தாள். இவர்கள் எதற்குத்தான் சிரிக்கவில்லை.

உள்ளே ஒரு நீளமான நடை. இரண்டு பக்கமும் நாய்ச் சங்கிலி, சவுக்கு, மழைக்கோட்டு எல்லாம் தொங்கின. அவற்றுக்கு நடுவில் சட்டம் போட்ட ஒரு போட்டோ. நான் நின்றுவிட்டேன். சித்தையன் நின்றிருந்தான். தலையில் முண்டாசு, மேலே துரைமார் கோட்டு, இரண்டு கையிலும் இரண்டு நாய். மூக்கை விடைத்துக்கொண்டு நிற்கும் அதே திமிர். அந்தச் சட்டத்தின் மேல் பச்சையாக ஒரு மாலை போட்டிருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று பிறந்த குழந்தைக்குத் தெரியும். பதின்மூன்று வருஷம் யார் யாரையோ கேட்டோம். எந்த வாயும் சொல்லாததை அந்த மாலை சொல்லிவிட்டது. எனக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. வெள்ளைக்காரன் பேச்சில் சுத்தமாகக் கிடையாது. ஆனால் மாலையை எப்படிச் சந்தேகப்படுவது. மச்சான் என்று சொல்லிக் கும்பிட்டேன். சத்தமாக அழுதுவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு வயசான அம்மாள் வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. அந்த வீட்டு வேலைக்காரர்களுக்கெல்லாம் மேலே அவள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் குதிரைக்கும் சாப்பாட்டுக்கும்தான். போட்டோவைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டி, சிஸ்டர், சிஸ்டர் என்றேன். அவளுக்குப் புரிந்தது. ரொம்ப நேரம் ஏதோ சொன்னாள். அதில் ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். லீத், லீத். எனக்கு லீவு என்று கேட்டது. வேலைக்காரனுக்குத் தெரிந்த வார்த்தை அது. லீவு என்றால் போய்விட்டான் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஆகாசம்தான் இருந்தது. சொல்லிவிட்டு அவள் சிரித்த முகமாக என் தோளைத் தட்டினாள். சாவைச் சொல்லிவிட்டு எப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. டீ கொடுத்தாள். குடிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சர்தாருக்குச் சால்வை கொண்டுபோய்க் கொடுக்க முன்கூடத்துக்குப் போனேன். லாட்டு துரை அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கிழவராகிவிட்டார், ஆனால் முதுகு வளையவில்லை. நான் பின்னாலேயே போனேன். சுவர் முழுக்க அவருடைய பாட்டன் பூட்டன் படங்கள். எல்லாவற்றுக்கும் அதே பச்சை மாலை. எல்லாம் செத்தவர்கள்தானே, சரியாகத்தான் இருந்தது. மான் தலைகளுக்கும் மாலை. அதுவும் செத்ததுதான். ஒரு இடத்தில் எங்கள் பக்கத்து வாள் ஒன்று மாட்டியிருந்தது. பிடியில் புலித்தலை. சர்தார் அதன் முன்னால் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்தார். துரையும் பேசவில்லை. என்ன இருந்தாலும் பெரிய மனிதர்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னை அங்கேயே நிற்கச் சொன்னார்கள். ஆள் உயரத்தில் ஒரு கெடிகாரம். அதன் பக்கத்தில் நின்றேன்.

துரையிடமே கேட்டிருக்கலாமே என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். எதைக் கேட்பது. கண்ணால் பார்த்துவிட்டேன். காய்ச்சலில் கிடந்த பசவராஜிடம் மட்டும், எங்கள் ஆள் செத்துப்போய்விட்டான், படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஐயோ பாவம் என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

பங்குனியில் மைசூர் வந்து சேர்ந்தோம். நாச்சம்மாளிடம் சொன்னேன். கையில் இருந்த நாரை முடிச்சுப் போட்டு வைத்தாள். என்றைக்கு என்று கேட்டாள். தெரியாது என்றேன். கொள்ளி போட ஆள் இருந்ததா என்று கேட்டாள். அதுவும் தெரியவில்லை. அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். ஒரு மனிதன் தனியாக அவ்வளவு தூரத்தில் போய்ச் செத்தானே என்பதற்காக அழுதாள். மல்லப்பன் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜடையன் சங்கதியை ஒத்துக்கொண்டார். போன ஆளே பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது வேறு என்ன சாட்சி வேண்டும் என்றார். வருகிற அமாவாசையில் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றில் தாலி இறக்குவது, ஆவணியில் மல்லப்பனுக்குக் கட்டிக் கொடுப்பது என்று ஐந்து பேர் முன்னால் பேசி முடித்தோம்.

அமாவாசைக்கு நாலு நாள் இருந்தது. மத்தியானம். மார்க்கெட்டில் ஆள் இல்லாத நேரம். நான் குதிரைக்கு லாடம் வாங்கப் போனவன் நாச்சம்மாள் கடையில் உட்கார்ந்தேன். ஆற்றங்கரையில் சித்தையன் பேரில் ஒரு செங்கல்லை வைத்து மாலை போடுவது எங்கள் வழக்கம். துரை வீட்டில் அவனுக்குப் போட்டிருந்த மாதிரியே கட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால் கேட்க ஆரம்பித்தாள்.

"அவுருக்குப் போட்டிருந்தது என்ன பூவுங்ணா?"

"பூவே இல்ல அம்மிணி. வெறும் எல. ஓரமெல்லாம் முள்ளு. நடுநடுவுல செவப்பாக் காயி."

"முள்ளெலயா?" விரல் நின்றது. "செத்தவுங்களுக்கு முள்ளெலயவா போடுவாங்க?"

பனிக்காலம், அந்த ஊரில் பூ பூக்காது என்றேன். சரி என்று தலையாட்டினாள். எப்படிக் கட்டியிருந்தது என்று கேட்டாள். கழுத்து மாலை மாதிரி வட்டமாகவா, தோரணம் மாதிரி நீட்டமாகவா? நீட்டமாக, சட்டத்தின் மேல் வளைத்துப் போட்டிருந்தது என்றேன். மற்ற படங்களுக்கு? எல்லாவற்றுக்கும் அதே மாதிரிதான், எல்லாரும் அவர்கள் பாட்டன் பூட்டன், செத்தவர்கள் என்றேன். மான் தலையையும் சொன்னேன். அவள் விடவில்லை. தொழில்காரி, ஒரு மாலையை அவ்வளவு சுலபத்தில் விடமாட்டாள்.

"வேற எதுக்குப் போட்டிருந்தாங்?"

யோசித்துப் பார்த்தேன். "மாடிப்படிக் கைப்புடிக்கு."

"வேற?"

"கெடிகாரத்துக்கு."

"நின்னுபோன கெடிகாரமா?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலதான் நான் நின்னேன். காதுக்குள்ள டங்கு டங்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சே."

நாச்சம்மாள் நாரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்தக் கெடிகாரம் எப்பங்ணா செத்துச்சு?"

எதிர் வரிசையில் மல்லப்பன் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அவன் கையும் நின்றுவிட்டது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னை என்ன முட்டாள் என்று நினைத்தாயா, கண்ணால் பார்த்தவன் நான் என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. வாங்க, அந்தக் குமாஸ்தாவைக் கேட்கலாம் என்று எழுந்து நடந்தாள். பூக்கடையை மல்லப்பன் பார்த்துக்கொண்டான்.

பசவராஜ் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அது அவர்கள் சாமி பிறந்த பண்டிகை, வீடு முழுக்க இலை கட்டுவார்கள், நாம் மாவிலை கட்டுகிற மாதிரி என்றார். "நன்னன்னே கேளபாரதித்தா, கெம்பையா?" என்றார். என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்று அர்த்தம். அந்தச் சாவிக்கார அம்மாள் சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டார். லீவு, இல்லை, லீத், லீத் என்றேன். அவர் தேசப்படத்தை எடுத்துப் பிரித்தார். அந்தத் தேசத்தில் கடற்கரையில் ஒரு துறைமுகம். அதன் பெயர் லீத். ஜன்னலுக்கு வெளியே அவள் காட்டியது ஆகாசத்தை இல்லை.

திரும்பி வரும் வழியில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். இதை ஒளிக்க நான் விரும்பவில்லை. சும்மா இரு, பசவராஜ் வாயைத் திறக்கமாட்டார், அமாவாசை அமாவாசையாக நடக்கட்டும், பதின்மூன்று வருஷமாக ஒரு கடிதம் போடாதவன் உனக்குச் செத்தவன்தான் என்றேன். என் கணக்கில் நியாயம் அதுதான். இப்போதும் அதுதான்.

"மல்லப்பனுக்குத் தெரியுமேங்ணா. எதுத்தாப்பலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரே."

அவன் எதுவும் சொல்லமாட்டான் என்றேன்.

"சொல்ல மாட்டாருங். நாளைக்கு அவுரு ஊட்டுக்குப் போயி, ஒவ்வொரு நாளும் அவுரு சொல்லாம இருக்கறத நான் பாத்துக்கிட்டே இருக்கோணும்."

மறுநாள் மல்லப்பனே என்னைத் தேடி லாயத்துக்கு வந்தான். குதிரைக்குப் பயந்து தள்ளியே நின்றுகொண்டு, எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை, சரியாகவே செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கண் தூங்காத கண்.

ஜடையன் முன்னால் ஐந்து பேர் கூடினார்கள். நான் எழுந்து நின்று, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அறுபது வயதுக்கு மேல் ஆகிறது எனக்கு இப்போது. வாழ்க்கையில் அந்த வார்த்தையை ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். ஜடையன்தான் கேட்டார்.

"கடலு தாண்டிப் போயி எலயப் பாத்துட்டு வந்தியா, கெம்பையா?"

ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து மொஹல்லாவில் எனக்கு எலைக் கெம்பையன் என்று பெயர். நின்றுகொண்டே வாங்கிக்கொண்டேன். சிரித்து ஓய்ந்தபின், இனி என்ன செய்யச் சொல்கிறாய் என்று அவர் நாச்சம்மாளைக் கேட்டார். அவள் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். எங்கள் ஆட்களில் புருஷன் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டாக்கிக் கொடுப்பான். பேச்சே வேண்டாம். அதை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்றாள். சீமையிலிருந்தா என்று ஜடையன் கேட்டார். தபாலில் வராதா என்று இவள் கேட்டாள்.

பசவராஜ் கடிதம் எழுதினார். நாச்சம்மாள் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் போட்டார். அவள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"நான் நல்லா இருக்கறேன். நீங்க இருக்கீங்கன்னா சந்தோசம். வர்றதா இருந்தா வாங்க, வந்து பேசிக்கலாம். வர்றாப்பல இல்லீன்னா ஒரு துரும்பக் கிள்ளி அனுப்பீருங்க. கோவத்துல கேக்கல."

அந்தச் சாவிக்கார அம்மாள் பேருக்கு எழுதி, லீத்தில் இருக்கும் சித்தையனிடம் சேர்க்கும்படி கேட்டு அனுப்பினோம். ஆவணி வந்தது. போயிற்று. நாச்சம்மாள் தாலியோடுதான் பூ விற்றாள். மல்லப்பன் எதிரில் உட்கார்ந்துதான் வெற்றிலை விற்றான். இருவரும் முன்பைவிடக் குறைவாகப் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குப் பட்டது.

ஐப்பசியில் பதில் வந்தது. பசவராஜ் உறையைக் கிழித்தபோது முதலில் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம் விழுந்தது. அதற்குள் துரும்பு. நடுவில் கிள்ளி, இரண்டு துண்டு. உடையாமல் வர அட்டை வைத்துக் கட்டியிருந்தான். கடிதத்தை யாரோ ஒரு பாதிரி எழுதிக் கொடுத்திருந்தார். சண்டையில் கப்பல் கிடைக்கவில்லை. நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தபின் துரை வீட்டில் அவனுக்கு வேலை இல்லை. துறைமுகத்துக்கு வந்து மூட்டை தூக்கினான். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பெண் பார்த்துக்கொண்டாள். இப்போது இரண்டு குழந்தைகள். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வருஷம் போயிற்று, அப்புறம் எல்லா வருஷமும் அப்படியே போயிற்று என்று சொல்லியிருந்தான். கடைசியில் ஒரு வரி. கெம்பையன் மச்சான் வந்து என் படத்தின் முன்னால் அழுதார் என்று சாவிக்கார அம்மாள் சொன்னாள், என்னை நினைத்து அழ அங்கே ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பதின்மூன்று வருஷமாக நான் திட்டிய மனிதன் அவன்.

பஞ்சாயத்தில் துரும்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார் ஜடையன். நெல் வைக்கோல் இல்லை, ராகித் தாளும் இல்லை, இது என்ன தாள் என்றார். எந்தத் தாள் என்றே தெரியாததை வைத்து எப்படித் தீர்ப்பது என்று ஒருத்தன் கிளப்பினான். ஐந்து பேர் முன்னால் கிள்ளவில்லையே என்றான் இன்னொருத்தன். நான் எழுந்தேன். அந்த ஊரில் நெல்லும் இல்லை, ராகியும் இல்லை, இது அவர்கள் குதிரைக்குப் போடுகிற தாள், அங்கே இருந்த வாரத்தில் லாயத்தில் என் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன் என்றேன். எலையைப் பார்த்த கண்தானே இது என்று ஒரு குரல் வந்தது. எலையைப் பற்றிக் கேட்டால் பேசாமல் உட்காருகிறேன், குதிரை தின்கிறதைப் பற்றி என்னிடம் பேசாதே என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஜடையன் நாச்சம்மாளைப் பார்த்தார். அவள் துரும்பின் இரண்டு துண்டையும் வாங்கிப் பார்த்தாள். ஓரம் பிசிறில்லாமல் நகத்தால் கிள்ளியிருந்தது.

"கிள்ளாமயே உட்டிருக்கலாம். காயிதம் கெடச்சதே நம்மளுக்குத் தெரியவா போகுது. அவுரு நல்லவருங்க," என்றாள்.

அதோடு முடிந்தது. தாலியை அவளே கழற்றி யஜமானர் முன்னால் தட்டில் வைத்தாள். கார்த்திகையில் மல்லப்பன் கட்டினான். எல்லாம் வழக்கப்படிதான் நடந்தது. புருஷன் உயிரோடு இருந்தான், அவனே விட்டுக் கொடுத்தான். இதைத்தான் மொஹல்லாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் நாச்சம்மாளும் நானும் மறுபடியும் பசவராஜிடம் போனோம். துரும்பு வந்து சேர்ந்தது, அவன் வீட்டு அம்மாளையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லவும் என்று அவள் எழுதச் சொன்னாள். நான் அழுதது அவனுக்காக இல்லை, என் தங்கைக்காக என்று எழுதுங்கள் என்றேன் நான். வேண்டாமுங்ணா என்றாள் அவள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன். பசவராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ நாலு வரி எழுதி ஒட்டினார். என்ன எழுதினார் என்று கேட்டேன். சொன்னதைத்தான் என்றார். யார் சொன்னதை என்று அந்த மனிதர் இன்றுவரை சொல்லவில்லை.